கேமராவில் மணி பன்னிரண்டு பத்து

பூட்டிக் கிடந்த காருக்குள்ளிருந்து ஒரு பெண் பேசினாள். தமிழில் இல்லை. இங்கிலீஷிலும் இல்லை. மூக்கால் இழுத்து, கேள்வி கேட்பது மாதிரி ஒரே ஒரு வாக்கியம். அப்புறம் ‘டிங்’ என்று ஒரு சத்தம். பிறகு தெரு பழையபடி சும்மா இருந்தது. நான் ஜோவியை மாரோடு சேர்த்துக்கொண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏ லவீனா, நீ கேட்டது ஒரு வரிக் கேள்வி. ‘கார் வாங்கியாச்சு பெனி, டேஷ்கேம் மாட்டப் போறோம், நீ கரண்ட் எங்கேருந்து எடுத்தே?’ மத்தியானமே பார்த்துவிட்டேன். பதில் அடித்தேன், அழித்தேன், அடித்தேன், அழித்தேன். இவளுக்கு என்ன ஆச்சு என்று நினைத்திருப்பாய். இப்போது ஜோவி தூங்கிவிட்டாள். கோடு போட்ட நோட்டு ஒன்று கிடைத்தது, அதில் எழுதுகிறேன். காலையில் படம் எடுத்து அனுப்புகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நம் பள்ளிக்கூடத்து சிஸ்டர் பார்த்தால் ஸ்கேலைத் தூக்கியிருப்பார்.

கேள்விக்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃப்யூஸ் பெட்டியிலிருந்து எடுத்தேன். லைட்டர் சாக்கெட்டில் சொருகாதே. காரை நிறுத்தினால் அதுவும் செத்துவிடும், ராத்திரி கேமராவுக்குக் கண் இருக்காது. எனக்கு ராத்திரிதான் வேண்டியிருந்தது.

உனக்கு இந்த வீடு தெரியாது. தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகும் வழியில் புதிதாகப் போட்ட நகர். பதினெட்டு மனை, ஏழு வீடு. எங்களுக்கு எதிர் வீட்டில் தனசிங் அங்கிள். பாக்கியெல்லாம் கருவேலம். என் வீட்டுக்காரர் கிளாட்வின் வருஷத்தில் எட்டு மாசம் கப்பல் வேலையில். நானும் ஜோவியும் மட்டும். ஜோவிக்குப் பத்து மாசத்தில் ஒரு காய்ச்சல் வந்தது, காய்ச்சலோடு வலிப்பு. கண் மேலே சொருகி, கை இரண்டும் வெட்டி வெட்டி இழுத்தது. அதை நீ பார்க்கவே வேண்டாம். ஐந்து வயதுவரை காய்ச்சல் வரும்போதெல்லாம் வரலாம், ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் உடனே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் கார். ஜனவரி லீவில் வந்தபோது கிளாட்வின் வாங்கித் தந்துவிட்டுப் போனார். கிளட்ச் இல்லாத வண்டி. பட்டனை அழுத்தினால் ஓடும். எந்த ராத்திரி எத்தனை மணியானாலும் நான் பட்டனை அழுத்தினால் அது ஓட வேண்டும். எனக்கு அந்தக் காரிடம் வேறு எதுவும் வேண்டியதில்லை.

கேமராவும் அவர் வாங்கியதுதான், சிங்கப்பூரில். கப்பலிலேயே பிரித்து, சார்ஜ் போட்டு, எல்லாம் சரி பார்த்துக் கொண்டுவந்தார். மாட்ட நேரம் கிடைக்கவில்லை.

அவர் போன இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு விஷயம். வாசல் குறுகல், கார் தெருவில்தான் நிற்கும். காலையில் எழுந்து பார்த்தால் தெருப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சைடு கண்ணாடி மடங்கியிருக்கும். நான் விரித்து வைப்பேன். மறுநாள் திரும்ப மடங்கியிருக்கும். ஒரு கீறல் இல்லை, ஒன்றும் காணாமல் போகவில்லை. கண்ணாடி மட்டும் நாயின் காது மாதிரி மடங்கி. உனக்கு எப்படி இருக்கும், சொல். யாரோ தினமும் வந்து தொட்டுவிட்டுப் போகிறான். தனசிங் அங்கிளிடம் சொன்னேன். “பெனிட்டாம்மா, இப்படித்தான் அடையாளம் வெச்சுட்டுப் போவானுவ. ஆம்பளை இல்லாத வீடுன்னு தெரிஞ்சு வெச்சுருக்கான்” என்றார். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் என்று ஒன்று இல்லை.

பாளை ரோட்டில் மீரான் என்று ஒருவர் கார் ஏசி, ஸ்டீரியோ எல்லாம் பார்க்கிறார். வீட்டுக்கே வந்து மாட்டித் தந்தார். உனக்குச் செய்கிறவரிடமும் இதைச் சொல். கேமரா நடுக் கண்ணாடிக்குப் பின்னால், இடது பக்கமாக ஒட்ட வேண்டும். ஓட்டும்போது நம் கண்ணில் படக் கூடாது. ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் பசை இளகி மடியில் விழும். ஒயரை மேல்கூரையின் ஓரத்தில் விரலால் திணித்துக்கொண்டே போய்ப் பக்கத் தூண் வழியாக இறக்குவார்கள். அந்தத் தூணுக்குள் ஏர்பேக் மடித்து வைத்திருக்கும். ஒயர் அதற்குப் பின்னால் போக வேண்டும், குறுக்கே போகக் கூடாது. மீரான் தூணின் மூடியைக் கழற்றி எனக்குக் காட்டிவிட்டே செய்தார். “நாளைக்கு மீரான் தப்பா மாட்டிட்டான்னு சொல்லக் கூடாதுல்லா மேடம்” என்றார். நல்ல மனுஷன்.

ஃப்யூஸ் பெட்டியில் இரண்டு வகை இருக்கும். கார் ஓடும்போது மட்டும் கரண்ட் வருவது ஒன்று, எப்போதும் வருவது ஒன்று. ஒரு சின்ன பல்பு வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சிவப்பு ஒயர் முதல் வகையில், மஞ்சள் ஒயர் இரண்டாவதில், கறுப்பு ஒயர் கார் உடம்பில் ஒரு போல்ட்டில். நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. பேட்டரி இறங்க ஆரம்பித்தால் கேமராவை அணைத்துவிடுவது அதன் வேலை. ‘கட்டிங்’ என்கிறார்கள். அந்தப் பெட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சொல்லத்தான் உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன், ஆனால் கை அங்கே போக மாட்டேன் என்கிறது.

மாட்டிய அன்று ராத்திரிதான் அந்தப் பெண் பேசினாள். யாராவது காரை இடித்தால், ஆட்டினால், கேமரா விழித்துக்கொண்டு ஏதோ அறிவிக்கும். அது சீன மொழி. மறுநாள் மீரான் வந்து மொழியை இங்கிலீஷுக்கு மாற்றிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அது விழித்துக்கொண்டது என்றால் யாரோ தொட்டிருக்கிறார்கள்.

மூன்று ராத்திரி விழித்தது. மூன்று வீடியோ. ஒரே ஆள். காக்கிச் சட்டை, தோளில் துண்டு, கையில் ஃபோன் வெளிச்சம். எதிரிலிருந்து நடந்து வருகிறான். கார் முன்னால் நிற்கிறான். பக்கவாட்டில் போகிறான். கார் லேசாக ஆடுகிறது, ‘தக்’ என்று ஒரு சத்தம். அதற்குமேல் கேமராவுக்குத் தெரியாது. மூன்றாவது ராத்திரி என்ன செய்தான் தெரியுமா, லவீனா? கேமராவையே பார்த்துச் சிரித்தான். பல் தெரிய. கீழே வெள்ளை எழுத்தில் மணி: 00:10. பன்னிரண்டு பத்து. முந்தின நாள் பன்னிரண்டு பதினைந்து. அதற்கு முன் பன்னிரண்டு இருபது. நடுச்சாமத்தில் ஒருவன் வந்து என் வீட்டு வாசலில் நின்று சிரிக்கிறான்.

நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்பாய். ஜோவி எட்டு மணிக்குத் தூங்குவாள், அவளோடு நானும் படுத்துவிடுவேன். எட்டு மணிக்கு மேல் எப்போது முழிப்பு வந்தாலும் எனக்கு அது நடுச்சாமம்தான்.

புகார் நானேதான் எழுதினேன். நமக்கு எட்டாம் வகுப்பில் சொல்லித் தந்தார்களே, ஃபிரம், டு, ரெஸ்பெக்டட் சார், பொருள், தேதி, நேரம், இடம் விடாமல். அப்படியே எழுதினேன். மூன்று தேதி, மூன்று நேரம், அடிக்கோடு போட்டு. எஸ்.ஐ. படித்துவிட்டு, “இங்கே இப்படி யாரும் எழுதிக் குடுக்கறதில்லை மேடம்” என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உன்னிடம் மறைப்பானேன். அன்று சாயங்காலமே ஆளைக் கொண்டுவந்துவிட்டார்கள். அடையாளம் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள்.

பொன்னுலிங்கம். எங்களுக்குப் பின் தெரு. ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள், அதனால் ஆட்டோவை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு எங்கள் தெரு வழியாக நடந்து போயிருக்கிறார். அதெல்லாம் அங்கேதான் தெரிந்தது.

“சார், நான் ஒம்பதரைக்கு மேல வீட்டுக்குப் போற ஆளு சார். பத்து மணிக்கு எம் பொண்டாட்டி சோறு போட்டுருவா.”

“அப்ப வீடியோ பொய் சொல்லுதாலே?”

“அது எனக்குத் தெரியாது சார். நான் அந்த நேரத்துல நடந்ததே இல்ல.”

“கார்கிட்ட என்ன வேலை உனக்கு?”

“கண்ணாடிய மடக்குனேன் சார். விடியக்காலம் தண்ணி லாரி வரும்லா. தெரு ஒடுக்கம். இடிச்சுரும். புது வண்டி.”

எஸ்.ஐ. சிரித்துவிட்டார். “ஊர்ல உள்ள கார் கண்ணாடியெல்லாம் நீதான் மடக்குதியோ? சரி, கேமராவப் பாத்து என்னத்துக்குச் சிரிச்ச?”

பொன்னுலிங்கம் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “நீல லைட்டு மின்னுச்சு சார். வீடியோ புடிக்குன்னு தெரிஞ்சுது. வீடியோவுல சிரிக்காம எப்படி சார்.”

இதை யார் நம்புவார்கள், சொல். ஒருவர் தினமும் நின்று இன்னொருத்தர் கார்க் கண்ணாடியை மடக்கிவிட்டுப் போவாரா, ஒரு லாபமும் இல்லாமல்? நான் நம்பவில்லை. நீயும் நம்பியிருக்க மாட்டாய். ஒன்பதரை என்கிறார், அங்கே பன்னிரண்டு பத்து என்று எழுதியிருக்கிறது. எழுதியிருப்பது ஒன்று, வாயால் சொல்வது ஒன்று. நாம் எதை நம்புவதற்குப் படித்திருக்கிறோம்?

அன்று ராத்திரி அவரை அங்கேயே உட்காரவைத்தார்கள். ஆட்டோவை நான்கு நாள் விடவில்லை. எங்கள் நகரின் வாட்ஸப் குழுவில் தனசிங் அங்கிள் வீடியோவைப் போட்டார். சிரிக்கிற இடத்தில் நிறுத்தி, முகத்தைப் பெரிதாக்கி, படமாகவும் போட்டார். அது எங்கெல்லாம் போயிற்றோ. பொன்னுலிங்கத்தின் ஆட்டோவில்தான் எட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வந்தார்களாம். எட்டு வீட்டிலும் நிறுத்திவிட்டார்களாம். இது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போதே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதே.

பயம் போயிற்றா என்றால், இல்லை. கூடிற்று. இப்போது அவருக்கு என் மேல் கோபம் இருக்குமில்லையா? கேமராவை ராத்திரி முழுக்க ஓடவைக்க வேண்டும். ஆனால் அந்தத் தீப்பெட்டி, பேட்டரி இறங்குகிறது என்று விடியும் முன்னே கேமராவை அணைத்துவிடும். மீரானை மறுபடி கூப்பிட்டேன்.

“அந்தக் கட்டிங்கை எடுத்துடுங்க அண்ணா. விடியற வரைக்கும் ஓடணும்.”

“எடுத்துரலாம் மேடம். ஆனா தினமும் அரை மணி நேரம் வண்டிய ஓட்டணும். ஓட்டாம நாலஞ்சு நாள் போட்டீங்கன்னா பேட்டரி சுத்தமா படுத்துரும். இது தள்ளி ஸ்டார்ட் பண்ற வண்டி கிடையாது, பாத்துக்கிடுங்க.”

“ஓட்டுவேன்.”

“மேடம், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஓட்டுவேன்னு சொன்னேன்ல.”

லவீனா, இதுதான் அந்த இடம். உன் கணவர் எவ்வளவு சொன்னாலும் அந்தக் கட்டிங்கை எடுக்காதே. பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கீழே போனால் கேமரா சாகட்டும், கார் பிழைக்கட்டும். கோடு போட்டிருக்கிறேன் பார், இரண்டு கோடு.

நான் ஓட்டவில்லை. எங்கே ஓட்டுவது? வெளியே போனால் அந்த ஆட்டோ ஸ்டாண்டைக் கடக்க வேண்டும். பால், காய்கறி எல்லாம் ஃபோனில் சொல்லி வரவழைத்துக்கொண்டேன். காலையில் எழுந்து கேமராவைப் பார்ப்பது. யாரும் இல்லை. வெறும் தெரு, ஒரு நாய், தண்ணீர் லாரியின் விளக்கு. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஐந்தாம் நாள் காலையில் தெருப் பக்கத்துக் கண்ணாடி கீழே கிடந்தது. உடைந்து, ஒயரில் தொங்கி, சில்லு சில்லாக. கேமராவுக்கு முன்னால் மட்டும்தானே தெரியும், பக்கத்தில் நடந்தது பதியவில்லை. பழி வாங்கிவிட்டான் என்று அங்கிளிடம் சொன்னேன். அங்கிள் அதையும் குழுவில் போட்டார்.

கொஞ்சம் இரு. ஜோவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒன்றும் இல்லை. கழுத்து மட்டும் கொஞ்சம் சுடுகிற மாதிரி. காய்ச்சல்மானி தொண்ணூற்றொன்பது காட்டுகிறது. அது காய்ச்சல் இல்லை. இல்லைதானே?

கட்டிங்கை எடுத்த எட்டாம் நாள். முன்னிரவிலேயே அவளுக்கு உடம்பு சுட்டது. மருந்து கொடுத்தேன், ஈரத் துணி போட்டேன். இரண்டு மணி இருக்கும், முழிப்பு வந்து பார்த்தால் கண் சொருகியிருக்கிறது. கை வெட்டுகிறது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி, கார்க் கதவைத் திறக்கச் சாவியை அழுத்தினால் திறக்கவில்லை. சாவிக்குள் மறைந்திருக்கும் இரும்புச் சாவியை எடுத்துத் திறந்தேன். பட்டனை அழுத்தினேன். டிக் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம், பல் கிட்டித்த மாதிரி. அப்புறம் அதுவும் இல்லை. ஒரு விளக்குகூட எரியவில்லை. கேமராவில் மட்டும் அந்த நீலப் புள்ளி எங்கிருந்தோ ஒரு தடவை மின்னி அணைந்தது. எட்டு ராத்திரி என் காரைக் குடித்து முடித்துவிட்டு அதுவும் படுத்துக்கொண்டது.

ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தால் இருபத்தைந்து நிமிஷம் என்றார்கள். ஐந்து நிமிஷம் என்று டாக்டர் சொன்னது மட்டும்தான் காதில் ஓடுகிறது. அங்கிள் வீடு பூட்டிக் கிடந்தது. மகளைப் பார்க்கச் சென்னைக்குப் போயிருந்தார்கள். நான் யோசிக்கவில்லை, லவீனா. கால் யோசித்தது. பின் தெருவுக்கு ஓடினேன்; அங்கே குழியை மூடிவிட்டிருந்தார்கள், ஆட்டோ நிற்கிற வீட்டின் கதவைத் தட்டினேன். கையால் இல்லை, ஜோவியைப் பிடித்திருந்ததால் காலால்.

“யாரு?”

என் பெயரைச் சொன்னால் தெரியாது. என்ன சொல்வது? “பிள்ளைக்கு... பிள்ளைக்கு” என்றேன்.

ஒரு பெண் திறந்தாள். அவர் மனைவி சந்தனமாரி. என்னைப் பார்த்ததும் முகம் மாறிற்று. உள்ளே திரும்பி, “கேமராக்காரி வந்துருக்கா” என்றாள்.

அவர் கைலியை இறுக்கிக்கொண்டே வந்தார். அவள் குறுக்கே கையை வைத்தாள். “போவாதீங்க. நாளைக்கு நீங்கதான் பிள்ளைய என்னமோ செஞ்சீங்கன்னு எழுதுவா. இங்கிலீஷுல எழுதுவா.”

“ஏய், பிள்ளைக்கு வெட்டு வருது, பாரு” என்றார் அவர். அவ்வளவுதான். அவள் கையை எடுத்துவிட்டாள்.

ஆட்டோவில் ஏறியதும் திரும்பிப் பார்க்காமலே, “நேராப் புடிக்காதீங்கம்மா. ஒருச்சாய்ச்சுப் புடிங்க. வாயில கையக் குடுக்காதீங்க” என்றார். நான் அப்படியே பிடித்தேன். வழியில் ‘சாரி’ என்றேன். நமக்குத்தான் அந்த வார்த்தை நாக்கிலேயே இருக்கிறதே. பெஞ்சில் இடித்தால் சாரி, பென்சில் கீழே விழுந்தால் சாரி. தமிழில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தமிழில் நான் யாரிடமும் அதைச் சொன்னதே இல்லை. சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது என்று திரும்பவும் ‘சாரி’ என்றேன். அவர் ஹாரன் அடித்தார்.

ஜோவி பிழைத்தாள். ஊசி போட்டதும் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை. நான் வெளியே வந்து பார்த்தபோது ஆட்டோ இல்லை.

இது முந்தாநாள். நேற்று மீரான் வந்து வேறு பேட்டரியைக் கொடுத்து வண்டியை எழுப்பினார். நான் சொன்னேன்லா என்று அவர் சொல்லவில்லை. உடைந்த கண்ணாடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“தண்ணி லாரி இந்தத் தெருவுலதான் வருதா மேடம்? பச்சை பெயிண்டு ஒட்டியிருக்கு பாருங்க. ராத்திரி இதை மடக்கி வெக்கணும். ஒங்ககிட்ட யாரும் சொல்லலையா?”

நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தால் அவர் கேமராவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். “மேடம், இப்ப மணி பதினொண்ணு. இது ஒண்ணரைங்குது. இது எந்த ஊர் நேரம்?”

எந்த ஊர் நேரம் என்று எனக்குத்தான் தெரியும், லவீனா. இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? கிளாட்வின் கப்பல் சிங்கப்பூர் பக்கம் ஓடும் மாசமெல்லாம் நான்கு வருஷமாக இரண்டரை கூட்டித்தானே அவரைக் கூப்பிடுகிறேன். இங்கே ஏழு என்றால் அங்கே ஒன்பதரை, சாப்பிட்டிருப்பார். இங்கே ஒன்பதே முக்கால் என்றால் அங்கே பன்னிரண்டேகால், தூங்கியிருப்பார், கூப்பிடக் கூடாது. அந்தக் கூட்டல் எனக்குத் தூக்கத்தில்கூட வரும். இங்கே ஒன்பது நாற்பது என்றால், அங்கே பன்னிரண்டு பத்து.

ஆகவே உனக்கு இன்னொரு குறிப்பு. கேமராவில் எந்த நாட்டு நேரம் என்று பார்த்து மாற்றிக்கொள். சாட்டிலைட் நேரத்தைத் தரும். எந்த ஊருக்கு என்று நாம்தான் சொல்ல வேண்டும். மாட்டிய அன்றே, கையிலிருக்கும் ஃபோனோடு ஒரு தடவை ஒப்பிட்டால் போதும். அரை நிமிஷ வேலை.

கிளாட்வினிடம் சொன்னேன். “அட, கப்பல் டைம்ல வெச்சேன், மாத்த மறந்துட்டேன்” என்று சிரித்தார். ஸ்டேஷனில் போய் நேரம் தப்பு என்று எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. “பெனி, கிறுக்கா உனக்கு? பொய்ப் புகார்னு நம்ம மேல திரும்பும். எனக்கு பாஸ்போர்ட்ல ஏதாச்சும் வந்தா கப்பல்ல ஏற முடியாது. நான் வர்ற வரைக்கும் சும்மா இரு.” அவர் வர ஆகஸ்ட் ஆகும்.

சும்மா இருக்கத்தான் பார்த்தேன். வாட்ஸப் குழுவில் ‘அந்த வீடியோவில் நேரம்’ என்று அடித்தேன். அழித்தேன். ஒரு தாளில் ஃபிரம், டு எழுதினேன். ரெஸ்பெக்டட் சார் எழுதினேன். பொருள் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. புகார் எழுதத்தான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். எழுதியதைத் திருப்பி வாங்க ஒரு மாதிரிக் கடிதம் அந்தப் புத்தகத்தில் கிடையாது.

இன்றைக்குச் சாயங்காலம் ஜோவியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின் தெருவுக்குப் போனேன். நீ கேள்வி அனுப்பினாயே, அதற்குப் பிறகுதான். பதில் அடித்து அடித்து அழித்தபிறகு வீட்டில் உட்கார முடியவில்லை.

கதவு திறந்திருந்தது. சந்தனமாரி நடையில் உட்கார்ந்து சாளை மீன் உரசிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“வாங்க. மணி என்னன்னு பாத்துக்கிடுங்க. பெறவு மாத்தி எழுதிரக் கூடாது.”

“அண்ணன் இல்லையா அக்கா?”

“பஸ் ஸ்டாண்டுல கெடக்காரு. பிள்ளையளத்தான் யாரும் அனுப்ப மாட்டேங்காவளே. ராத்திரி பஸ்ஸுல வாறவுகள ஏத்துதாரு.” ஜோவியைப் பார்த்தாள். “எப்படி இருக்கு இப்ப?”

“நல்லா இருக்கா.” இவ்வளவு நேரம் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். “அக்கா, அந்தக் கேமராவில் நேரம் தப்பு. ரெண்டரை மணி நேரம் கூடக் காட்டியிருக்கு. அண்ணன் சொன்னதுதான் சரி. ஒன்பது நாற்பதுதான்.”

அவள் கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டாள். சொன்னதும் எனக்கு எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா. அழுகை வந்தது. அவளும் ஏதாவது சொல்லுவாள், அழுவாள், திட்டுவாள் என்று நின்றேன். அவள் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். உள்ளே போய் ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து செருப்பை மாட்டினாள்.

“வாங்க.”

“எங்கே அக்கா?”

“ஸ்டேஷனுக்கு. இப்பச் சொன்னீங்கள்லா, அத அங்க வந்து எழுதிக் குடுங்க. இங்கிலீஷுலயே எழுதுங்க. அந்த வாட்சப்புலயும் போடுங்க. இந்நேரம் போனா எஸ்.ஐ. இருப்பாரு. பிள்ளைய நான் வெச்சுக்கிடுதேன்.”

கையை நீட்டினாள். ஜோவி அவளிடம் போகச் சாய்ந்தாள். நான் இழுத்துப் பிடித்தேன்.

“அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு... அவர் ஆகஸ்ட்ல வந்துருவார் அக்கா. வந்ததும் நாங்க ரெண்டு பேருமே...”

சந்தனமாரி நீட்டிய கையை உடனே எடுக்கவில்லை.

“முந்தாநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு எங்கதவ மிதிச்சீங்களே. அப்ப யாருட்டக் கேட்டுட்டு வந்தீங்க?”

‘சாரி’ என்றேன் என்று நினைக்கிறேன்.

அவள் செருப்பைக் கழற்றினாள். மீன் சட்டியை எடுத்து உள்ளே வைத்தாள். உரசுகிற கல்லையும் எடுத்து உள்ளே வைத்தாள். என்னைத் தள்ளவில்லை, திட்டவில்லை, கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். புதுத் தாழ்ப்பாள் போலிருக்கிறது. முதல் தடவை மாட்டாமல் வழுக்கியது. கதவை இன்னும் கொஞ்சம் நெருக்கி, இரண்டாம் தடவை போட்டாள். விழுந்தது.